கைன் பெலிகாட்: அப்பாவின் கைலி வந்த வழி

கோலாலம்பூரில் வேலை பார்த்த நான்கு வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ஒரே புரோகிராம்தான். காலையில் மஸ்ஜித் ஜமேக் ஸ்டேஷனில் இறங்கி, ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் கால் போன போக்கில் நடப்பது. வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. அத்தர் கடை, பூக்கடை, பாத்திரக் கடை, துணிக்கடை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்புவேன். ஆபீஸ் நண்பர்கள் மாலுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கென்னவோ பழைய கடைத்தெருக்களில்தான் மனசு ஒட்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பழக்கமாக இருக்கலாம்.

மலாய் மொழியில் கடைக்கு கெடாய். கப்பலுக்கு கபால். பெட்டிக்கு பெத்தி. வியாபாரத்தில் போடும் முதலுக்கு மோடால். நான்கும் தமிழிலிருந்து போனவை. கடை, கப்பல், பெட்டி, முதல் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வியாபாரிகள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வார்த்தைகள் என்பது தெரியும். இதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது என் பொழுதுபோக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த அட்டையைப் பார்த்தேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவரின் துணிக்கடை. வாசலில் கட்டம் போட்ட கைலிகள் அடுக்கியிருந்தன. மேலே மலாயில் 'கைன் பெலிகாட்' என்று எழுதியிருந்தது. கைன் என்றால் துணி. அது தெரியும். பெலிகாட்?

"பாய், பெலிகாட்டுன்னா என்ன?"

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸ். திருவொற்றியூர்."

"அட, உங்க ஊருப் பேரையே எங்கிட்ட கேக்குறீங்களே! பழவேற்காடு தெரியுமில்ல? அந்தத் துணிதான் இது. வெள்ளக்காரன் புலிகாட்டுன்னான். மலாய்க்காரன் பெலிகாட்டுன்னான்."

"பழவேற்காடா? அங்க மீனும் இறாலும்தானே பாய் கிடைக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கைலியை விரித்துக் காட்டினார். பெரிய கட்டம், மெரூனும் நீலமும். நடுவில் ஒரு பட்டையில் மட்டும் கட்டத்தின் வரிசை மாறியிருந்தது. அதை கெபாலா என்று சொல்வார்களாம். கெபாலா என்றால் தலை. மற்ற பகுதி பாடான், அதாவது உடம்பு. புடவைக்கு நாம் உடம்பு, தலைப்பு என்று சொல்வதைப் போலத்தான்.

அந்தக் கைலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கூடவே நினைக்க விரும்பாத ஒரு சாயங்காலமும் ஞாபகம் வந்தது.

கைலிக்கு அனுமதி இல்லை

அப்பா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைலி கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அடுத்த ஷிப்ட் வரைக்கும் அதுதான் உடை. ரேஷன் கடை, தேரடி மார்க்கெட், டீக்கடை, கடற்கரை எல்லாவற்றுக்கும் கைலிதான். எங்கள் தெருவில் எல்லோருடைய அப்பாவும் அப்படித்தான் இருந்தார்கள். அதனால் அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை.

இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சினிமாவில் ரவுடி என்றால் கைலி. அந்த ரவுடிக்கு ஊர் எது என்றால் பெரும்பாலும் எங்கள் ஊர். "நீ நார்த் மெட்ராஸா? பார்த்தா தெரியலையே" என்று ஹாஸ்டலில் ஒருவன் பாராட்டாகச் சொன்னான். நானும் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலு காசு பார்த்த பிறகு, ஒருநாள் குடும்பத்தோடு நகரத்துக்குள் ஒரு தியேட்டருக்குப் போனோம். அப்பா புதுக் கைலி, அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை. வாசலில் நின்றவர், "லுங்கிக்கு அலோ கிடையாது சார்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அப்பாவைப் பார்த்து இல்லை. அப்பா உடனே, "பரவால்லடா, நீங்க பாத்துட்டு வாங்க. நா அந்தாண்ட டீ குடிச்சிட்டு நிக்கிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வாசலில் நின்றவர் மேல் இல்லை. ஒரு பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று அப்பா மேல்தான் வந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

கோலாலம்பூரில் அதே கட்டம் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, தொப்பி வைத்து, குடும்பத்தோடு மசூதிக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் டீமின் மேனேஜரே ஒரு வெள்ளிக்கிழமை அப்படி எதிரே வந்தார். இந்தோனேசியாவில் 2019 முதல் 2024 வரை துணை ஜனாதிபதியாக இருந்த மாருஃப் அமீன், அரசு நிகழ்ச்சிகளுக்கே சாரோங் கட்டிக்கொண்டு வந்தவர். ஒரே துணி ஒரு கரையில் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது, இன்னொரு கரையில் முன்வரிசையில் உட்காருகிறது. அது எப்படி என்ற கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன்.

பழவேற்காடு என்ற பிராண்ட்

நான் தெரிந்து வைத்திருந்த பழவேற்காடு, பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போன பழவேற்காடுதான். ஏரி, பூநாரை, படகு, இறால் வறுவல். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாக வடக்கே போனால் வந்துவிடும்.

ஆனால் சுமார் 500 வருடங்களுக்கு முன் அந்த இடத்தின் பெயர் தென்கிழக்கு ஆசியா முழுக்க சந்தைகளில் புழங்கியிருக்கிறது. 1516 வாக்கில் எழுதிய துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுக்கீசியர், பழவேற்காட்டில் ஏராளமான பருத்தித் துணிகள் தயாராவதையும், அவை மலாக்கா, சுமத்ரா, பர்மாவின் பெகு ஆகிய இடங்களில் நல்ல விலைக்குப் போவதையும் பதிவு செய்திருக்கிறார். டச்சுக்காரர்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னாடியே இந்த வியாபாரம் ஜோராக நடந்திருக்கிறது.

டச்சுக்காரர்கள் வந்த காரணமும் இந்தத் துணிதான். அவர்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அதெல்லாம் விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்களிடம் ஐரோப்பியச் சரக்கைக் காட்டினால் பெரிய மதிப்பில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. ஆக, இங்கே வெள்ளியும் தங்கமும் கொடுத்துத் துணி வாங்கி, அங்கே துணி கொடுத்து வாசனைப் பொருள் வாங்கி, ஐரோப்பாவில் கொண்டுபோய் விற்க வேண்டும். நடுவில் துணி இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும். 1612-ல் ஹென்ட்ரிக் ப்ரவர் என்ற டச்சு அதிகாரி, மொலுக்கஸ் தீவுகளுக்கு இடது கை மாதிரி இந்தக் கரை என்று எழுதினார். துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்பது அவர் கணக்கு.

விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு 1610-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்த போர்ச்சுக்கீசியர்கள் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருடமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, இந்தக் கரையின் டச்சு வியாபாரம் முழுக்க பழவேற்காட்டிலிருந்துதான் நிர்வகிக்கப்பட்டது.

அவர்கள் வேலை செய்த விதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாவாவிலிருந்த படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வருடா வருடம் ஒரு பட்டியல் தயாராகும். எந்தத் தீவுக்கு எந்தத் துணி, எந்த நிறம், எவ்வளவு நீளம், எத்தனை துண்டு என்று அதில் இருக்கும். ஒரு தீவுக்குப் பிடித்த கட்டம் அடுத்த தீவில் விலை போகாது. அந்தப் பட்டியல் பழவேற்காட்டுக்கு வரும். இங்கே பெரிய வியாபாரிகள் அதை எடுத்து, தரகர்கள் மூலம் உள்ளூர் தறிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். முன்பணம் கைமாறும். பருவக்காற்றுக்கு முன் டெலிவரி. தரம் சரியில்லை என்றால் ரிஜெக்ஷன். நாங்கள் இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கும் ஆஃப்ஷோர் புராஜெக்ட்டின் ஃப்ளோசார்ட் அப்படியே இதுதான். கிளையன்ட் எங்கேயோ, ரிக்வயர்மென்ட் அங்கிருந்து, வேலை இங்கே.

அந்தப் பெரிய வியாபாரிகளும் சும்மா ஆட்கள் இல்லை. டச்சு ஆவணங்களில் 'மலயா' என்று குறிப்பிடப்படும் அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்குத் துணி சப்ளை செய்தார்கள். அதே நேரத்தில் சொந்தக் கப்பல்களையும் கடல் தாண்டி அனுப்பினார்கள்.

சரி, துணியில் அப்படி என்ன விசேஷம்? முக்கியமாக நிறம். கடற்கரை மணலில் வளரும் ஒரு சின்னச் செடியின் வேரிலிருந்து சிவப்பு எடுப்பார்கள். சாயவேர் என்றே அதற்குப் பெயர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். படிகாரம் சேர்த்து முறையாக ஏற்றினால் அந்தச் சிவப்பு துவைக்கத் துவைக்க நிற்கும். நீலத்துக்கு அவுரி. நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிவிட்டு, பாவிலும் ஊடையிலும் நிற வரிசையை எண்ணி எண்ணி நெய்தால் கட்டம் விழும். கணக்கு ஒரு இழை தப்பினால் துணி முழுக்கத் தப்பு ஓடும். கட்டத்தின் அழகு முழுக்க அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

பர்மாவிலும் கட்டம் போட்ட இந்த வகை லுங்கிக்கு 'பலேகாட்' என்றுதான் பெயர். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் பளையக்காட் லுங்கி என்று விற்கிறார்களே, அதுவும் அதே பெயர்தான். பழவேற்காடு என்ற பெயர் வெள்ளைக்காரன் வாயில் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது, நமக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலங்கையிலும் நம் தென்மாவட்டங்களிலும் கைலியைச் சாரம் என்கிறார்கள். அது மலாய்க்காரர்களின் சாரோங். அவர்கள் நம் ஊர்ப்பெயரைத் துணிக்கு வைத்தார்கள், நாம் அவர்கள் உடைப்பெயரை எடுத்துக்கொண்டோம்.

காலடி யாருடைய காலடி?

பழவேற்காடு கொஞ்சம் தள்ளியிருக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் காலடிப்பேட்டையைப் பற்றிப் படிக்கும் வரை.

ஆங்கிலேயர்கள் 1639-ல் மெட்ராஸைத் தேர்ந்தெடுத்தபோது பிரான்சிஸ் டே சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே துணி மலிவு என்பது. கோட்டை கட்டியாகிவிட்டது. ஆனால் துணி கோட்டைக்குள் விளையாது. நெய்ய ஆள் வேண்டும், வெளுக்க ஆள் வேண்டும். வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆனது. 1734-ல் கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர்களுக்காகவே உருவாக்கினார்கள். அதற்கும் முன்னால், திருவொற்றியூரை ஒட்டி ஒரு நெசவாளர் கிராமத்தை அமைத்தவர் ஜோசப் காலெட். 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். காலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

சின்ன வயதில் நான் அதைப் பட்டினத்தாரின் காலடி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சமாதி எங்கள் ஊர்க் கடற்கரையில் இருப்பதால் வந்த குழப்பம். கடல் வணிகம் செய்து குவித்ததையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர் என்று கதை சொல்வார்கள். அவர் காலடி இல்லை, கம்பெனிக் கணக்குப் பார்த்த ஒருவரின் பெயர் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

காலடிப்பேட்டையிலிருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் காஞ்சிபுரம் வரதராஜரைத் தரிசிக்காமல் இருக்க மாட்டாராம். அவர் பக்தியைப் பார்த்து வியந்து, இங்கேயே கோயில் கட்டித் தந்தார் காலெட் என்பார்கள். கதை இருக்கட்டும். நெசவாளர்கள் ஒரு புது ஊரில் வந்து தங்க வேண்டுமென்றால் வீட்டோடு கோயிலும் கடையும் வேண்டும் என்பது ஒரு கவர்னருக்குப் புரிந்திருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம். மெட்ராஸுக்கு வருவதற்கு முன் காலெட் எங்கே இருந்தார் தெரியுமா? சுமத்ராவின் மேற்குக் கரையில், பென்கூலன் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தில். இன்று பெங்குலு என்கிறார்கள். 1712 முதல் 1716 வரை அங்கே துணை கவர்னர். அங்கிருக்கும் மார்ல்பரோ கோட்டையைக் கட்டத் தொடங்கியவரும் அவர்தான். பென்கூலன் ஒரு மிளகு ஊர். துணி இல்லாமல் அந்தக் கரையில் மிளகு வியாபாரம் ஓடாது. லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் காலெட்டின் களிமண் சிலை ஒன்று இருக்கிறது. 1716-ல் சிங்குவா என்ற சீனக் கைவினைஞர் செய்தது. அந்தச் சிலை செய்யப்பட்ட அடுத்த வருடம் அவர் மெட்ராஸ் கவர்னர். அதற்குப் பிறகு திருவொற்றியூர் ஓரமாக ஒரு நெசவாளர் கிராமம்.

நான்கு வருடம் சுமத்ராவில் உட்கார்ந்து எந்தத் துணிக்கு எவ்வளவு மிளகு வரும் என்று பார்த்த ஒருவர், தறி இருக்கும் கரைக்கு வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று தறிகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். பைத்தியக்கார ஊகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது காலடிப்பேட்டைக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. தினமும் எத்தனையோ பேர் அந்தப் பெயரை அறிவிப்பில் கேட்டுக்கொண்டே போகிறார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு சுமத்ரா மிளகு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே காகிதத்தில் மூன்று ஊர்கள்

1824 மார்ச் 17-ல் லண்டனில் ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். மலாய் உலகத்தின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆங்கிலேயர், அந்தப் பக்கம் டச்சு என்று பிரித்த ஒப்பந்தம் அது. இன்றைய மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையிலான எல்லைக்கு அதுதான் வேர்.

அதே ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள். அதன்படி 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பதிலுக்கு ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தது? சுமத்ராவின் பென்கூலன்! காலெட் இருந்த அதே பென்கூலன். மலாக்கா, பென்கூலன், பழவேற்காடு மூன்றும் ஒரே காகிதத்தில் கைமாறின. நான் வேலை பார்த்த நாட்டின் எல்லையும், என் பள்ளிக்கூட டூர் ஊரும் ஒரே பத்திரத்தில் இருக்கும் என்று நான் கற்பனைகூட செய்ததில்லை.

ஆனால் அதற்குள் பழவேற்காட்டின் ஆட்டம் முடிந்திருந்தது. துணியின் பெயர் மட்டும் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில், 'புலிகேட்' என்ற கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்துகொண்டிருந்தார்கள். பெயர் நம் ஊர், தறி அவர்கள் ஊர். மெட்ராஸ் கைக்குட்டை என்ற சதுரத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதற்கு 'இஞ்சிரி' என்று பெயர் வைத்து, பிறப்பு முதல் இறப்பு வரைக்கும் சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, அந்தக் கட்டத்துக்குள்ளேயே புது வடிவம் கொண்டுவரும் ஒரு கலையையும் வளர்த்திருக்கிறார்கள். 1960களில் அமெரிக்காவில், துவைத்தால் சாயம் போகும் மெட்ராஸ் சட்டைகளை, சாயம் போவதுதான் அசல் என்பதற்கு அடையாளம் என்று சொல்லியே விற்றார்கள். துவைத்தாலும் நிற்கும் சாயத்துக்குப் பெயர் வாங்கிய கரைக்கு வந்த கதியைப் பாருங்கள்.

கோலாலம்பூரில் நான் வாங்கின கைலியில் உட்கார்ந்த யானை படம் போட்ட லேபிள் இருந்தது. இந்தோனேசியத் தயாரிப்பு. எந்த ஜனங்களுக்காக நாம் நெய்து அனுப்பினோமோ, அவர்களே இப்போது நம் ஊர்ப்பெயரில் நெய்து உலகத்துக்கு விற்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பெயரையாவது வைத்திருக்கிறார்கள்.

பெருமையின் அடியில்

இதையெல்லாம் படிக்கப் படிக்க மண்டைக்குள் ஒரு பெருமை ஏறிக்கொண்டே போனது. ஆபீஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு இன்னொரு பக்கத்தைப் படித்தேன்.

பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்குப் போன டச்சுக் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள், அடிமைகளாக. 1640களில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி ஏற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். துணிக்குக் கணக்கு எழுதின அதே கம்பெனி அவர்களுக்கும் கணக்கு எழுதியது.

நெசவாளர்களின் கதையும் அவ்வளவு பளபளப்பில்லை. முன்பணம் என்று நான் சிரித்துக்கொண்டே எழுதினேனே, அது வாங்கினவனைத் தறியோடு கட்டிப்போடும் கயிறாகவும் இருந்தது. பருத்தி விலை ஏறினாலும், மழை பொய்த்து அரிசி விலை ஏறினாலும் நஷ்டம் அவன் தலையில். அச்சுதப்பச் செட்டியின் பெயர் நமக்குத் தெரிகிறது. மெரூன் கட்டத்துக்கு இழை எண்ணியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் "ஒரு காலத்தில் நாங்கள்" என்று மார் தட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. வடசென்னை என்றால் துறைமுகம், புகைபோக்கி, ரவுடி என்று ஒரு படம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. என் தலையிலேயே இருந்தது. அது ரொம்பச் சமீபத்தில் வரைந்த படம். அதற்கு முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன்பிருந்தே இந்தக் கரை உழைத்து, சாயம் ஏற்றி, நெய்து, வெளுத்து, பாதி ஆசியாவுக்கு உடுத்தத் துணி கொடுத்திருக்கிறது. அந்தத் துணியின் வழித்தோன்றலைத்தான் என் அப்பா அன்றைக்கு அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டைக்குக் கீழே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பாவோடு பழவேற்காட்டில்

போன முறை லீவுக்கு வந்தபோது யானை லேபிள் கைலியை அப்பாவிடம் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். "இன்னா விலைடா இது?" என்றார். ரிங்கிட்டை ரூபாயாக்கிச் சொன்னேன். "குடியாத்தம் கைலி இத்த விட நல்லாருக்கும்" என்றார். ஆனாலும் மூட்டுப் போட்ட தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையலு பரவால்ல" என்று பாஸ் மார்க் போட்டார்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லி, பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். மீஞ்சூர் தாண்டியதும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போக, தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். தொல்லியல் துறை பாதுகாக்கிறது. எழுத்துகள் இன்றைக்கு வெட்டின மாதிரி அவ்வளவு கூர்மை. அப்பாவுக்கு டச்சுக்காரர்கள் மேல் பெரிய ஆர்வமில்லை. ஆனால் கல்லில் வெட்டிய வேலையை ஒரு ஃபிட்டரின் கண்ணோடு ரொம்ப நேரம் பார்த்தார். கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று இருப்பது புதர் மண்டிய மேடு. இதுதான் கோட்டை என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிறார்கள். ஓலைக்குச் சாயம் ஏற்றி, சிவப்பும் பச்சையும் மாற்றி மாற்றிக் கோத்துப் பின்னும்போது அங்கேயும் கட்டம் விழுகிறது. பின்னிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கைலித் தறி இங்கே எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். "தறியா? இங்க ஏதுங்க?" என்றார். பெட்டி இரண்டு வாங்கிக்கொண்டேன்.

கடைத்தெருவில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. கைலி கேட்டேன். கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போட்டார். எல்லாம் வெளியூர்ச் சரக்கு. அப்பாதான் செலக்ட் பண்ணினார், பச்சைக் கட்டம் போட்ட குடியாத்தம் கைலி. யாருக்கு என்று கேட்டார். கோலாலம்பூரில் ஒரு பாய் இருக்கிறார், அவருக்கு என்றேன். "அவரே கைலி விக்கிறவருன்ற, அவருக்கே கைலியா?" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் பொன்னேரியில் சாப்பிட நிறுத்தினோம். கொஞ்சம் பெரிய ஓட்டல், ஏசி ஹால். அப்பா வாசலில் தயங்கி நின்றார். கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நா கார்லயே..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சர்வர் வந்து, "பெரியவருக்கு என்ன சார்?" என்று என்னிடம் கேட்டார். அவரிடமே கேளுங்கள் என்றேன். அப்பா மீன் சாப்பாடு சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய தியேட்டர் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவர் முந்திக்கொண்டு, "இந்தக் கைலில கட்டம் கொஞ்சம் பெரிசுடா, ஆனா வெயிலுக்கு நல்லாருக்குது" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன்.

கோலாலம்பூர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கட்டக் கைலியை பாயிடம் கொடுத்தேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தார்.

"குடியாத்தமில்ல போட்டிருக்கு?"

"ஆமா பாய். ஆனா வாங்கினது பழவேற்காட்டுல."

"அப்பச் சரி," என்றவர், கைலியை மடித்து கல்லாவுக்குக் கீழே பத்திரமாக வைத்தார். "அப்ப இந்தக் கடையிலயே அசல் பெலிகாட் இது ஒண்ணுதான். விக்க மாட்டேன் தம்பி, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நான் கட்டிக்கிறேன்."